வயிற்றுக்கு வலை வைக்கிற விடயம்

முல்லைத்தீவு,
ஆஸ்பத்திரி, ஆண்கள் வாட்டு,
ஜன்னலோரக் கட்டில்.

மதிப்புக்குரிய பெரிய மச்சான் கதிர்காமநாதன் அவர்களுக்கு,

போன வருடம் என் வயிற்றில் தைத்த இடம் உள்ளுக்குள் விட்டுப்போய், தோலுக்குக் கீழே குடல் தள்ளிக்கொண்டு நிற்கிறது. அதை நான் ஒன்பது மாதம் மறைத்தேன். கோயில் வீதியில் சனத்துக்கு நடுவில் அது வெளிப்பட்டது. உங்கள் தங்கச்சி கமலாசனி பெட்டியோடு வவுனியாவுக்கு வந்து உங்கள் வீட்டில் நிற்பது அதனால்தான். நடந்தது இவ்வளவே.

நீங்களும் ராஜினியக்காவும் தேக சுகத்துடன் இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இந்த இடத்தில் ‘நானும் அவ்வண்ணமே’ என்று எழுதுவது வழக்கம். எழுதத் தொடங்கிவிட்டு வெட்டியிருக்கிறேன், அடித்தல் திருத்தலுக்கு மன்னிக்கவும். இதையெல்லாம் போனில் சொல்லியிருக்கலாம். ஆனால் காது கொஞ்சம் மந்தம் என்பதால் நீங்கள் போனை ஸ்பீக்கரில் போட்டு மேசையில் வைத்துவிட்டுத்தான் கதைப்பீர்கள். வயிறு, குடல், வேட்டி என்று நான் சொல்லச் சொல்லக் குசினியில் நிற்கிற கமலாசனி மட்டுமல்ல, மதிலுக்கு அங்கால் இருக்கிறவர்களும் கேட்டு முடித்துவிடுவார்கள். தவிரவும் நீங்கள் அரசாங்கக் கச்சேரியில் வேலை செய்து இளைப்பாறியவர், எழுத்தில் வந்தால்தான் ஒரு விடயத்தை விடயமாக எடுப்பீர்கள். நாளைக்குக் காலையில் எனக்கு மறுபடி ஒப்பிரேசன். அதற்கு முன் ஒருவருக்காவது உண்மை முழுவதையும் சொல்லிவிட வேண்டும் என்று நினைத்தேன். வெட்கக்கேடான விடயங்கள் வரும். தயவுசெய்து சத்தம் போட்டு வாசிக்க வேண்டாம்.

போன வருடம் அப்பெண்டிக்ஸ் வந்தது உங்களுக்குத் தெரியும். எப்படி வந்தது என்பது தெரியாது. வயிற்றுக் குத்து வந்தபோது வாய்வு என்று நானே முடிவெடுத்து, இஞ்சிச் சாறும் உள்ளிப் பூண்டும் தின்றுகொண்டு கடையிலேயே நின்றேன். மீன் படுகிற காலம், வலை வாங்கச் சனம் வரிசையில் நிற்கிறது, அந்த நேரத்தில் கடையைப் பூட்டிவிட்டு எந்த வியாபாரி ஆஸ்பத்திரிக்குப் போவான். அது உள்ளே வெடித்த பிறகுதான் என்னைத் தூக்கிக்கொண்டு போனார்கள். சின்ன வெட்டோடு முடிய வேண்டிய வேலை, கொப்பூழைச் சுற்றி நெடுக்க வெட்டி வயிற்றையே கழுவ வேண்டியதாகப் போயிற்று. வீட்டுக்கு வந்தும் புண் பழுத்தது. அதைக் காய வைத்தது மருந்து பாதி, கமலாசனி பாதி, மச்சான். மீன் குடலைக் கண்டாலே முகத்தைத் திருப்புகிற மனுசி, முழங்கை வரை சவர்க்காரம் போட்டுக் கழுவிக்கொண்டு வந்து, தாதி மிஸ் காட்டித் தந்த மாதிரியே தினம் தினம் அந்தப் புண்ணைத் துடைத்து, மருந்து வைத்து, துணி மாற்றினா. ஒரு நாளும் முகம் சுளிக்கவில்லை. நான்தான் மேலே கூரையைப் பார்த்துக்கொண்டு கிடப்பேன். புண் மூடிய அன்று பால் பொங்கினா. தேத்தண்ணிக் கேத்திலைக்கூடத் தூக்க விடவில்லை. பாரம் தூக்கக் கூடாது, வயிற்றுக்குப் பட்டி கட்ட வேண்டும் என்று டொக்டர் சொன்னதை, வீட்டுக்கு வருகிற ஒவ்வொருவருக்கும் என் முன்னால் சொல்லிக் காட்டினா.

நான் என்ன தூக்கினேன் என்று பிறகு டொக்டரும் கேட்டா, கமலாசனியும் கேட்டா. ஒன்றுமில்லை என்றுதான் இரண்டு பேருக்கும் சொன்னேன். உங்களுக்கு எழுதுகிறேன்: இஞ்சின். வள்ளத்துக்குப் பூட்டுகிற பதினைந்து குதிரை இஞ்சின். நல்லதம்பி என்றொருவர், கடல்தொழில் செய்கிறவர், நான் கடை திறந்த காலம் தொட்டு என்னிடம் வலை வாங்குகிறவர், அதை வாங்க வந்தார். ஓட்டோவில் ஏற்ற ஒரு கை பிடிக்கிறேன் என்று எழும்பினேன். “வேண்டாம் முதலாளி, நீங்கள் வெட்டித் தைச்ச ஆள். இருங்கோ, நாங்கள் பாப்பம்” என்றார். அன்பாகத்தான் சொன்னார். ஆனால் பக்கத்தில் வேறு ஆட்கள் நின்றார்கள், அதில் ஒருவர் சிரித்தார். சைக்கிள் கரியரில் மீன் பெட்டி கட்டிக்கொண்டு இந்த ஊருக்கு வந்தவன் நான். மூட்டை தூக்கித்தான் இந்தக் கடையை எழுப்பினேன். எனக்கு எங்கேயோ சுட்டது. குனிந்தேன், தூக்கினேன், தோளில் வைத்துக்கொண்டு ஓட்டோ வரை நடந்தேன். சிரித்தவர் வாயை மூடினார். அந்த நேரம் வயிற்றுக்குள் பழைய சேலையைக் கிழிக்கிற மாதிரி ஒரு சத்தம். எனக்கு மட்டும்தான் கேட்டது என்று நினைத்தேன்.

“முதலாளி, ஏதோ கிழிஞ்ச சத்தம் கேட்டதே?” என்றார் நல்லதம்பி.

“ஓட்டோவின்ர சீற்” என்றேன்.

இரண்டு நாளில் கொப்பூழுக்குப் பக்கத்தில், பழைய தழும்பின் ஓரமாக, தேசிக்காய் அளவில் ஒன்று எட்டிப் பார்த்தது. இருமினால் வரும், படுத்தால் போகும். அது மெல்ல மெல்ல வளர்ந்து விளாங்காய் அளவுக்கு வந்தபோது, முல்லைத்தீவில் தெரிந்த சனம் அதிகம் என்று மாங்குளம் பக்கம் சாமான் எடுக்கப் போவதாகக் கமலாசனியிடம் சொல்லிவிட்டு, ஓட்டோவில் ஊரை ஒரு சுற்றுச் சுற்றி இதே ஆஸ்பத்திரிக் கிளினிக்குக்கு வந்தேன். டொக்டர் பிரியந்தினி, இளம் பிள்ளை, ஆனால் கண் கூர்மை. நான் வியாபாரி மாதிரியே தொடங்கினேன்: உங்கள் ஆட்கள் தைத்த தையல் விட்டுப்போச்சு, கிழிந்த சாமானைக் கடைக்குக் கொண்டு வந்தால் நாங்கள் மாற்றிக் கொடுப்பம், நீங்களும் அப்படிச் செய்ய வேண்டும் என்றேன்.

“தையல் விடேல்லை ஐயா. தையலுக்குப் பக்கத்தில இருந்த சதைதான் விட்டது. பழுத்து ஆறின இடம், பலம் குறைவு. இதுக்கு ஹேர்னியா எண்டு சொல்லுறது. வயிறு வெட்டின ஆக்களுக்கு வாறதுதான். நீங்கள் என்ன தூக்கினீங்கள்?”

“ஒண்டும் இல்லை.”

“அந்த ஒண்டும் இல்லாதது எத்தினை கிலோ?”

நான் சுவரில் இருந்த டெங்கு நுளம்புப் படத்தைப் பார்த்தேன். அவாவும் விட்டுவிட்டு, பலமில்லாத இடத்துக்கு உள்ளே ஒரு வலை வைத்துத் தைக்க வேண்டும் என்று சொன்னா. மச்சான், முப்பது வருடமாக வலை விற்கிறவனிடம் வந்து வலை வைக்கிறோம் என்றால் கேட்காமல் இருக்க முடியுமா? என்ன நூல், கண் என்ன அளவு, எங்கே செய்தது என்று கேட்டேன். அவா சொன்னது முழுக்க விளங்கவில்லை. ஆகவே அடுத்த கிளினிக்குக்கு என் கடை நைலோனில் ஒரு முழம் வெட்டிப் பையில் வைத்துக்கொண்டு போய், இதைவிடத் திறமான சாமான் இந்த மாவட்டத்தில் இல்லை என்று மேசையில் விரித்தேன். வெளியே இருந்த நோயாளர் எல்லாம் எட்டிப் பார்த்தார்கள். டொக்டர் அதை விரலால் தூக்கிப் பார்த்துவிட்டு, “ஐயா, இது சூடை மீன் பிடிக்கிற வலை. உங்கட வயித்துக்க நாங்கள் மீன் பிடிக்கப் போறேல்லை” என்றா. அப்படியென்றால் நீங்கள் வைப்பது தங்கூசி மாதிரியா என்று கேட்டேன். கிட்டத்தட்ட அப்படித்தான், ஒற்றை இழை என்றா. தங்கூசி வலை அரசாங்கம் தடை செய்த சாமான் பிள்ளை என்றேன். பக்கத்தில் நின்ற மிஸ் வாயைப் பொத்திக்கொண்டு வெளியே போய்விட்டா. டொக்டர் சிரிக்காமல் ஒரு திகதி தந்தா. வீட்டில் ஒருவரைக் கூட்டிக்கொண்டு வர வேண்டும் என்றா.

அந்தத் திகதிக்கு நான் போகவில்லை. பயம் இல்லை என்று சொல்ல மாட்டேன், ஆனால் காரணம் அது இல்லை. கமலாசனிக்குத் தெரியாமல் திருத்திவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன், இரவல் வாங்கிய வாகனத்தை நெளித்தவன் சொந்தக்காரர் காணுமுன் தட்டிக் கொடுக்கிற மாதிரி. பிறகுதான் யோசித்தேன்: அந்த வயிற்றை என்னைவிட அவாவுக்குத்தான் நன்றாகத் தெரியும். ஒவ்வொரு தையலும் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லுவா. புதிசாக ஒரு வெட்டு வந்தால் மறைக்க ஏலாது. சரி, உண்மையைச் சொல்லுவம் என்று குசினி வாசல் வரை மூன்று தரம் போனேன். அவா திரும்பி என்ன என்று கேட்பா. தண்ணி என்பேன். அவா கழுவித் துடைத்து ஒட்ட வைத்ததை, ஒருவன் சிரித்தான் என்பதற்காக ஒரு நிமிசத்தில் கிழித்துப்போட்டேன் என்று எந்த வாயால் சொல்வது?

ஆஸ்பத்திரிப் பட்டி சட்டைக்கு மேலால் தெரியும். ஆகவே நானே ஒன்று செய்தேன். வலை தாழாமல் மேல் கயிற்றில் கட்டுகிற மிதப்பு உங்களுக்குத் தெரியும்தானே, செம்மஞ்சள் நிறத்தில் உருண்டையாக இருக்கும். அதில் ஒன்றை ஒரு பக்கம் சீவித் தட்டையாக்கி, வீக்கத்தின் மேல் வைத்து அமத்தி, மோட்டார் சைக்கிள் ரியூப்பை வெட்டி அதற்கு மேலால் இறுக்கினேன். நின்றது மச்சான், கல்லு மாதிரி நின்றது. ஆனால் பின்பக்கம் முடிச்சுப் போட என் கை எட்டாது. அதனால் நல்லதம்பிக்குச் சொல்ல வேண்டி வந்தது. கடலுக்குப் போய் வந்து காலையில் கடைக்குப் பின்னால் அவர் கட்டிவிடுவார், மாலையில் வந்து அவிழ்ப்பார். அவர் போட்ட முடிச்சை அவர்தான் அவிழ்க்கலாம். ஒரு நாள் காற்றுக்கு ஒதுங்கி வேறு கரையில் நின்றுவிட்டார், நான் கட்டோடு வீட்டுக்கும் போக முடியாமல், கொழும்புச் சாமான் வருகிறது என்று சொல்லிக் கடையில் சீமெந்து மூட்டை மாதிரி இருந்தேன். வீட்டில் பெனியனைக் கழற்றுவதை விட்டேன். வெக்கை என்று சொல்லி விறாந்தையில் படுத்தேன். கமலாசனி என் வயிற்றைப் பார்த்து, “வண்டி வைக்குது உங்களுக்கு” என்று சொல்லி என் சோற்றைப் பாதியாகக் குறைத்தா. அந்தப் பொய்க்காக நான் பட்டினி கிடந்தது இந்த ஒன்பது மாதமும்.

இனிக் கோயில். சந்திப் பிள்ளையாரின் ஐந்தாம் திருவிழா எங்கள் உபயம், அன்றைய செலவும் எங்களுடையது, மரியாதையும் எங்களுடையது. உபயகாரன் மேலுக்குச் சட்டை இல்லாமல்தான் நிற்க வேண்டும், சாமி வெளிவீதிக்கு எழும்பும்போது முதல் தோள் கொடுக்க வேண்டும். வருத்தம் என்று சொல்லி விலகியிருக்கலாம். சொன்னால் என்ன வருத்தம் என்று கமலாசனி கேட்பா. ஆகவே மிதப்பை இறுக்கக் கட்டி, வேட்டியை உயர்த்தி, சால்வையை இரண்டு சுற்றுச் சுற்றிக்கொண்டு போனேன். ஐயர் “உபயகாரர் முன்னுக்கு வாங்கோ” என்றார். சாமி காவுகிற முன்கொம்பில் நான், எனக்குப் பின்னால் நல்லதம்பி. அவர் காதுக்குள், “முதலாளி, சும்மா கையை மட்டும் வையுங்கோ, பாரத்தை நான் தாங்குறன்” என்றார். அப்படித்தான் செய்திருக்க வேண்டும். சனம் பார்த்தது, நான் தோளைக் கொடுத்தேன். வடக்கு வீதி திரும்பும்போது சாம்பிராணிப் புகை முகத்துக்கு வந்தது. இருமினேன். ரியூப் பட்டென்று அறுந்தது. மிதப்பு வேட்டிக்குள்ளால் இறங்கி, கால்களுக்கு நடுவில் விழுந்து, செம்மஞ்சளாக உருண்டு உருண்டு பெண்கள் நின்ற பக்கம் போனது. “ஐயோ, முதலாளியிட உள்ளுக்கிருந்து ஏதோ கழண்டு விழுந்திட்டுது” என்று ஒரு மனுசி சொன்னது நாதஸ்வரத்துக்கு மேலால் கேட்டது. மிதப்பு ஒருவருடைய காலடியில் போய் நின்றது. நிமிர்ந்து பார்த்தேன், அது கமலாசனியின் கால்.

அவா குனிந்து எடுத்தா. என்னிடம் வந்தா.

“இது என்ன?”

“மிதப்பு.”

“தெரியும். நாங்கள்தான் விக்கிறனாங்கள். உங்கட வேட்டிக்குள்ள என்ன செய்தது?”

சால்வையும் அவிழ்ந்துபோய், வயிற்றில் அது தேங்காய்ப் பாதி மாதிரி நிமிர்ந்து நின்றது. அவா அதைப் பார்த்தா.

“இதுக்குள்ள என்ன?”

“காத்து” என்றேன். அந்த நேரத்தில்கூட.

அதன் பிறகு அது உள்ளே போகவில்லை. அமத்தினேன், போகவில்லை. வீதியிலேயே தின்றதெல்லாம் சத்தி எடுத்தேன். சாமியை வேறு ஆட்கள் வாங்கினார்கள். நல்லதம்பி என்னை ஓட்டோவில் ஏற்றினார், கமலாசனி மிதப்பைக் கையில் வைத்தபடியே பக்கத்தில் ஏறினா. ஆஸ்பத்திரியில் அதே டொக்டர் பிரியந்தினி. கண்டதும், “ஓ, வலை ஐயா. ஏன் நான் தந்த திகதிக்கு வரேல்லை?” என்றா. கமலாசனி என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை, அது திரும்பிப் பார்ப்பதைவிட மோசம். டொக்டர் என் கால் பக்கத்தை உயர்த்திப் போட்டு, மருந்து ஏற்றி, பதமாக அமத்தி அமத்தி அதை உள்ளே அனுப்பினா. இன்னும் கொஞ்சம் சுணங்கியிருந்தால் சிக்கின குடல் இரத்தம் ஓடாமல் அழுகியிருக்கும், பிறகு வலையும் இல்லை, ஆளும் இல்லை என்றா. இனிமேல் தள்ளிப்போட ஏலாது என்று கிட்ட ஒரு திகதி போட்டா.

வீட்டுக்கு வந்து கமலாசனி கஞ்சி காய்ச்சித் தந்தா. நான் குடித்து முடிக்கும்வரை இருந்தா. கோப்பையைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுச் சொன்னா: “டொக்டருக்குச் சொன்னீங்கள். நல்லதம்பிக்குச் சொன்னீங்கள். எனக்குச் சொல்லேல்லை. அவையளே உங்களைப் பாக்கட்டும்.” பிறகு பெட்டியை எடுத்துக்கொண்டு வவுனியா பஸ் ஏறினா. சண்டை பிடித்திருந்தால் பதில் சொல்லியிருப்பேன்.

ஆகவே மச்சான், நான் உங்களிடம் கேட்பது இதுதான். இன்று பின்னேரம் இங்கே வந்து படுத்துவிட்டேன் என்பதும், நாளைக்கு ஒப்பிரேசன் என்பதும் கமலாசனிக்குத் தெரிய வேண்டாம். கேட்டால் கொழும்புக்குப் போய்விட்டேன் என்று சொல்லுங்கோ. வலை வைத்துத் தைத்து, நடக்கத் தொடங்கியவுடன் நானே வவுனியாவுக்கு வந்து, சட்டையைக் கழற்றித் திருத்தின வயிற்றைக் காட்டி, வீட்டுக்கு வரச் சொல்லிக் கேட்பேன். நீங்கள் அண்ணன், உங்கள் சொல்லை அவா தட்ட மாட்டா, அந்த நேரம் பக்கத்தில் நின்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். மயக்க மருந்தில் எழும்பாமல் விட்டால் மட்டும் உடனே சொல்லுங்கோ, நான் வெட்கத்தில்தான் சொல்லவில்லை, வேறு ஒன்றுமில்லை என்று. அவா இல்லாத வீடு வீடு மாதிரி இல்லை மச்சான். நான் இப்போது சோறு நிறையத்தான் போட்டுச் சாப்பிடுகிறேன், இறங்குகிறதில்லை. இந்தக் கடிதம் நெத்தலிக் கருவாட்டுப் பொதியின் அடியில், என் லொறியில் வரும். பொதியை நீங்களே உங்கள் கையால் பிரிக்க வேண்டும்.

சந்திப் பிள்ளையார், அன்றைக்கு அவருக்கு நான் செய்த அவமரியாதையை மறந்து, உங்களுக்கு நீண்ட ஆயுளும் ராஜினியக்காவுக்கு முழங்கால் சுகமும் தருவாராக. அக்காவுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கோ, காரணத்தைச் சொல்ல வேண்டாம்.

இப்படிக்கு,
தலை நிமிர்த்த முடியாத உங்கள் மச்சான்,
யோகநாதன்.

பி.கு.: மேலே எழுதியதை ஒன்றும் செய்ய வேண்டாம். கமலாசனி கட்டிலுக்குப் பக்கத்தில் இருக்கிறா. டொக்டர் பிரியந்தினி அவாவுக்கு நேற்றே போன் எடுத்தவவாம், நீங்கள்தான் இன்றைக்குப் பஸ் ஏற்றி விட்டீர்களாம், ஆகவே நீங்கள் எனக்கு முதலே எல்லாம் அறிந்தவர். கடிதத்தை முழுக்க வாசித்துவிட்டா. இஞ்சின் பதினைந்து குதிரை இல்லை, எட்டு என்று திருத்தச் சொன்னா. கருவாடும் வராது, இது தபாலில் வரும். மற்றது, நான் மறைத்தேன் என்று எழுதியிருக்கிறேன் அல்லவா, அதுவும் பிழையாம். விறாந்தையில் படுத்த முதல் கிழமையே அவாவுக்குத் தெரியுமாம். தெரிந்த மிஸ் ஒருவரிடம் கேட்க, படுக்கும்போது உள்ளே போனால் உடனே பயமில்லை, உடம்பு பாரத்தைக் குறைத்துக்கொண்டு டொக்டரிடம் காட்டச் சொல்லுங்கோ என்றாவாம், சோறு குறைந்தது அதனால்தானாம். “நீங்கள் குறட்டை விட்டாப் பிறகு ஒவ்வொரு நாளும் கை வைச்சுப் பாத்தனான், உள்ளுக்குப் போயிட்டுதோ எண்டு. இண்டைக்குச் சொல்லுவீங்கள், நாளைக்குச் சொல்லுவீங்கள் எண்டு பாத்துக்கொண்டிருந்தனான். மறைச்சதுக்கு நான் வெளிக்கிடேல்லை. எல்லாம் வெளியில வந்தாப் பிறகும் காத்து எண்டு சொன்னீங்கள் பாருங்கோ, அதுக்குத்தான் போனனான்” என்றா. அந்த நேரம் மிஸ் வந்து இரத்த அழுத்தம் பார்த்துவிட்டுப் போனா. பிறகு ஒப்பந்தம் பேசினோம். பாரம் தூக்காமல் இருக்க நான் இரண்டு மாதம் சொன்னேன், அவா ஒரு வருடம் கேட்டா, ஆறு மாதத்தில் முடிந்தது. அந்த ஆறு மாதமும் கல்லாவில் அவா, விலை சொல்வதும் குறைப்பதும் அவா. புண்ணுக்கு மருந்து கட்டுவதும் அவாதான், கட்டும்போது நான் கூரையைப் பார்க்கக் கூடாது. உடம்பில் எது நடந்தாலும் அன்றைக்கே, முதல் ஆளாக அவாவுக்குச் சொல்ல வேண்டும். இந்தக் கடைசிக்குப் பேரம் இல்லை என்றா, நானும் கேட்கவில்லை.